பேஸ்பால் வீரரின் வரிப் பணத்தில் நாடகம் நடக்கிறது, தெரியுமா?

நியூயார்க் யாங்கீஸ் பேஸ்பால் அணி மூன்று நாள் ஆட்டத்துக்காகக் கான்சாஸ் சிட்டிக்கு வருகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். (பெயரில்தான் கான்சாஸ். மைதானம் இருப்பது பக்கத்து மாநிலமான மிசௌரியில்.) வந்தார்கள், மட்டையைச் சுழற்றினார்கள், ஜெயித்தோ தோற்றோ விமானம் ஏறிவிட்டார்கள். அந்த நாட்களுக்கான சம்பளத்துக்கு மிசௌரி வருமான வரி போட்டுவிடும், தெரியுமா? அட, வரி எந்த ஊரில்தான் இல்லை என்கிறீர்களா? பொறுங்கள். வெளியூர் ஆட்டக்காரர்களிடம் வசூலாகும் அந்த வரிக்கு ஈடான தொகையில் 60 சதவீதம் எங்கே போய்ச் சேர வேண்டும் என்று சட்டத்தில் எழுதி வைத்திருக்கிறார்கள் தெரியுமா? மாநிலக் கலைக் குழுவின் நிதியத்துக்கு! மிச்சமுள்ள 40 சதவீதத்தை நூலகங்கள், பொதுத் தொலைக்காட்சி, பழைய கட்டடங்களின் பாதுகாப்பு, மனிதப் பண்பியல் துறை என்று ஆளுக்குப் பத்தாகப் பிரித்துக்கொள்கிறார்கள்.

இந்த வரிக்குப் பின்னால் ஒரு பழிவாங்கல் கதையும் உண்டு. 1991-ல் சிகாகோ புல்ஸ் கூடைப்பந்து அணி, லாஸ் ஏஞ்சலிஸ் லேக்கர்ஸை இறுதிச் சுற்றில் சாய்த்தது. உடனே கலிஃபோர்னியா, எங்கள் மண்ணில் ஆடிச் சம்பாதித்தீர்களே, வரியை எடுத்து வையுங்கள் என்று புல்ஸ் வீரர்களைக் கேட்டது. இல்லினாய் மாநிலம் சும்மா இருக்குமா? எங்கள் பிள்ளைகளுக்கு வரி போடும் மாநிலத்துப் பிள்ளைகளுக்கு நாங்களும் போடுவோம் என்று பதில் சட்டம் கொண்டுவந்தது. மைக்கேல் ஜோர்டானின் பழிவாங்கல் என்றே அதற்குப் பெயர் விழுந்தது. அந்த அலையில் மற்ற மாநிலங்களும் இறங்கின. மிசௌரி மட்டும் ஒரு படி மேலே போய், வந்த பணத்தை நாடகக் குழுக்களுக்கும் ஓவியர்களுக்கும் இசைக் குழுக்களுக்கும் திருப்பிவிட வழி செய்தது. 1993-ல் அதற்கென்று கலை நிதியம் ஒன்றை உண்டாக்கினார்கள்.

ஆட்டக்காரர்கள் மட்டுமா? வெளி மாநிலத்துப் பாடகர், நகைச்சுவைக் கலைஞர், மாயாஜாலக்காரர், யார் வந்து மேடை ஏறினாலும் சட்டம் விடுவதில்லை. 300 டாலருக்கு மேல் கூலி வாங்கினால், அரங்கக்காரர் அதில் 2 சதவீதத்தை முன்வரியாகப் பிடித்துக்கொண்டுதான் மீதியைக் கையில் தர வேண்டும். வந்து போகும் கலைஞரின் காசில் உள்ளூர்க் கலைஞருக்குச் சோறு!

ஆனால் சட்டத்தில் சின்ன எழுத்தில் ஒரு நிபந்தனை இருக்கிறது. அந்த 60 சதவீதம் தானாக நகர்ந்து போய்விடாது. ஒவ்வொரு ஆண்டும் சட்டமன்றம் ஒதுக்கீடு செய்தால்தான் நகரும். இந்தச் சின்ன எழுத்தை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். கீழே வருகிற கதைகள் எல்லாவற்றிலும் அது எங்கோ ஓரிடத்தில் எட்டிப் பார்க்கும்.

எதற்கு இத்தனை சுற்றுவழி? நேராக பட்ஜெட்டில் பணம் ஒதுக்கினால் ஆகாதா? ஒதுக்குகிறார்கள். ஆனால் வெட்டு என்று வந்தால் கலைக்குத்தான் முதல் வெட்டு. 2024 ஜூன் மாதம் ஃபுளோரிடா ஆளுநர் ரான் டிசான்டிஸ், சட்டமன்றம் ஒப்புக்கொண்ட சுமார் 3.2 கோடி டாலர் கலை மானியத்தை ஒரே கையெழுத்தில் ரத்து செய்தார். 2012-ல் தென் கரோலினா ஆளுநர் நிக்கி ஹேலி (ஆம், பஞ்சாபிப் பெற்றோரின் மகளான அதே ஹேலிதான்) மாநிலக் கலை ஆணையத்தின் பணத்தை வெட்டினார். அங்கே உறுப்பினர்கள் முறுக்கிக்கொண்டு அவருடைய வெட்டை வெட்டினார்கள், ஆணையம் பிழைத்தது. எல்லா ஊரிலும் உறுப்பினர்கள் அப்படி முறுக்கிக்கொள்வதில்லை என்பதுதான் சிக்கல்.

அதனால்தான் வைப்பு நிதி என்ற யோசனை. ஹார்வர்ட் தமிழ் இருக்கைக்கு 60 லட்சம் டாலர் திரட்டினோமே, நினைவிருக்கிறதா? இரண்டு மருத்துவர்கள் ஆளுக்கு 5 லட்சம் டாலர் போட்டுத் தொடங்க, தமிழ்நாடு அரசு 10 கோடி ரூபாய் கொடுக்க, உலகெங்கும் உள்ள தமிழர்கள் கைகோத்தார்களே! அந்தப் பணத்தை எடுத்துச் செலவு செய்வதில்லை. முதல் அப்படியே கிடக்கும். அது ஈட்டித் தருவதில் பேராசிரியர் சம்பளம் நடக்கும். அதே ஏற்பாட்டை ஒரு மாநில அரசின் கலைக் குழுவுக்குச் செய்தால்? ஆளுநர் மாறட்டும், கட்சி மாறட்டும், வட்டி வந்துகொண்டே இருக்குமே!

கேட்க இனிக்கிறது. கணக்குதான் கசக்கிறது. ஆண்டுக்கு 4 சதவீதம் எடுக்கலாம் என்றால், 40 லட்சம் டாலர் செலவழிக்க 10 கோடி டாலர் முதல் வேண்டும். அவ்வளவு பணத்தைத் தொடாமல் பூட்டி வைக்க எந்த நிதி அமைச்சருக்கு மனசு வரும்? பூட்டினாலும், சாவி யாரிடம்?

இதில் பெரிய வேடிக்கை எது தெரியுமா? அமெரிக்காவில் கலைக்கான தேசிய அமைப்பின் பெயரிலேயே வைப்பு நிதி என்று பொருள்படும் சொல் உண்டு. ஆனால் அதற்கு வைப்பு நிதியே கிடையாது! 1965 செப்டம்பர் 29-ல் அதிபர் லிண்டன் ஜான்சன் கையெழுத்தில் பிறந்த நாளிலிருந்து இன்றுவரை ஆண்டுதோறும் நாடாளுமன்றம் கொடுப்பதை வாங்கித்தான் பிழைக்கிறது. அண்மைக் கணக்கில் ஆண்டுக்குச் சுமார் 20 கோடி டாலர். 2025 மே மாதம், ஏற்கெனவே அறிவித்திருந்த மானியங்களில் ஏராளமானவை ஒரு மின்னஞ்சலில் ரத்தாயின. தன் மானியப் பணத்தில் 40 சதவீதத்தை இந்த அமைப்பு மாநில, வட்டாரக் கலை அமைப்புகளுக்குப் பிரித்துக் கொடுத்தாக வேண்டும் என்பது சட்டம். ஒரு நிபந்தனை: மாநிலமும் தன் பங்குக்குக் காசு போட வேண்டும். மாநில அளவில் பெறுவோர் 50 மாநிலங்களும் ஆறு ஆட்சிப்பகுதிகளும், ஆக 56 அமைப்புகள்.

இவற்றில் மூத்தது எங்கே பிறந்தது என்று நினைக்கிறீர்கள்? நியூயார்க்கா? இல்லவே இல்லை. நியூயார்க்கின் கலைக் குழு நெல்சன் ராக்கஃபெல்லர் ஆளுநராக இருந்த 1960-ல்தான் வந்தது. யூட்டா மாநிலத்தின் பாலைவனத்தில் 1899-லேயே கலைக்கு ஓர் அரசு அமைப்பு இருந்தது! கொண்டுவந்தவர் ஆலிஸ் மெரில் ஹார்ன் என்ற பெண் உறுப்பினர். அமெரிக்கப் பெண்கள் எல்லாருக்கும் வாக்குரிமை கிடைக்க அப்போது இன்னும் 21 ஆண்டுகள் பாக்கி! மாநிலத்துக்கென்று ஓவியங்களை வாங்கிச் சேர்க்கவும் அவர் வழி செய்தார். அந்தச் சேகரிப்புக்கு ஆலிஸ் சேகரிப்பு என்று அவர் பெயரையே வைத்துவிட்டார்கள்.

இனி நிலக்கரி. இந்தக் கதைக்குக் கொஞ்சம் நிதானமாக உட்காருங்கள்.

மொன்டானா மாநிலத்தின் தலைநகர் ஹெலினா. அங்கே சட்டமன்ற அவையில், சபாநாயகர் இருக்கைக்குப் பின்னால் 25 அடி அகலம், 12 அடி உயரத்தில் ஓர் ஓவியம். குதிரைகள் திமிறிக்கொண்டு வர, பூர்வகுடிகள் ஆய்வுப் பயணிகளான லூயிஸையும் கிளார்க்கையும் எதிர்கொள்ளும் காட்சி. வரைந்தவர் சார்லஸ் ரஸ்ஸல். மாட்டுப் பண்ணைகளில் கூலி வேலை பார்த்து, பிறகு ஓவியரான மனிதர். 1912-ல் 5,000 டாலருக்கு வரைந்தார். துணி அவ்வளவு பெரிதாக இருந்ததால் அவருடைய மரக்குடில் பட்டறையின் கூரையைத் தூக்கி உயர்த்த வேண்டியிருந்தது. இப்படிப்பட்ட ஓவியங்கள் பலவும் அந்தக் கட்டடத்தில் புகையும் அழுக்கும் படிந்து கிடந்தன. பராமரிக்கக் காசுக்கு எங்கே போவது?

1975-ல் வழி பிறந்தது. மாநிலத்தின் கிழக்கே வெட்டி எடுக்கும் நிலக்கரிக்கு 30 சதவீதம் வரை வரி போட்டார்கள். அமெரிக்காவே அதிர்ந்தது. மின்சார நிறுவனங்களும் சுரங்க நிறுவனங்களும் வழக்குப் போட, அது உச்ச நீதிமன்றம் வரை போய், 1981-ல் ஆறுக்கு மூன்று என்ற கணக்கில் மொன்டானா ஜெயித்தது. நிலக்கரி ஒருமுறை தோண்டினால் போனது போனதுதான். நாளைய தலைமுறைக்கு எதையாவது மிச்சம் வைக்க வேண்டாமா என்பதே அந்த மாநிலத்தின் வாதம். வரியில் பெரும்பங்கு தனி நிதியமாகப் பூட்டப்பட்டது. அதன் முதலை எடுக்க வேண்டுமானால் இரு அவைகளிலும் நான்கில் மூன்று பங்கு உறுப்பினர்கள் கைதூக்க வேண்டும் என்று அரசியல் சாசனத்திலேயே எழுதிவிட்டார்கள்.

கலைக்கு இதில் ஒரு கிளை. சட்டமன்றக் கட்டடத்தின் ஓவியங்களைக் காப்பாற்றவும் மற்றக் கலைப் பணிகளுக்கும் என்று தனியாக ஒரு சிறு நிதியம். நிலக்கரி வரியில் அதற்கு இப்போது என்ன பங்கு தெரியுமா? 0.63 சதவீதம்! நூறு டாலர் வரி வந்தால் 63 காசு. அந்தக் காசும் செலவுக்கு இல்லை, சேமிப்புக்கு. அது ஈட்டும் வட்டிதான் சின்னஞ்சிறு ஊர்களின் அருங்காட்சியகத்துக்கும், நாடகக் கொட்டகைக்கும், பூர்வகுடிகளின் கைவினைக்கும் போகிறது. இன்னொரு வியப்பு: யாருக்கு எவ்வளவு என்பதைக் கலைக் குழுவும் வரலாற்றுச் சங்கமும் பாதிப் பாதியாக நியமிக்கும் 16 பேர் பரிந்துரைப்பார்கள். ஆனால் முடிவெடுப்பது சட்டமன்றம். இரண்டாண்டுக்கு ஒருமுறை கூடும் அவையில், இன்ன ஊர் இசைக்குழுவுக்கு இத்தனை டாலர் என்று பட்டியலாகவே மசோதா வருகிறது. மாட்டுப் பண்ணைக்காரரும் கோதுமை விவசாயியும் உட்கார்ந்து பாலே நடனத்துக்குப் பணம் கொடுக்கலாமா என்று விவாதிக்கும் அழகை நினைத்துப் பாருங்கள்!

சரி, முதல் பத்திரமாக இருந்ததா? அங்கேதான் திருப்பம். நான்கில் மூன்று பங்கு என்ற சாசனப் பூட்டு பெரிய நிதியத்துக்குத்தான். கலை நிதியத்துக்கு அந்தப் பூட்டு இல்லை! 1997-ல் ஒரு தங்க வேட்டைக் கால ஊரின் பழைய கட்டடங்கள் விலைக்கு வந்தன. வர்ஜீனியா சிட்டி, 1863-ல் தங்கம் கிடைத்து, ஒரே ஆண்டில் ஊராகி, ஒருகாலத்தில் தலைநகராகவும் இருந்து, பிறகு ஏறக்குறைய காலியான ஊர். மரத்தாலான கடைகள், மதுக்கூடங்கள், பழைய தட்டுமுட்டுச் சாமான்கள் எல்லாம் அப்படியே இருந்தன. ஏலத்தில் சிதறிப் போகும் முன் அரசே வாங்கிவிடலாம் என்று முடிவானது. பணம்? கலை நிதியத்தின் முதலில் கை வைத்துச் சுமார் 39 லட்சம் டாலரை எடுத்துவிட்டார்கள். முதல் குறைந்தால் வட்டியும் குறையுமே, சிற்றூர் அருங்காட்சியகங்கள் என்ன செய்யும்? பிற்பாடு வந்த சட்டமன்றங்கள் அந்தப் பள்ளத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக நிரப்பின. ஊரைக் காப்பாற்றியது நல்ல காரியமே. இருந்தாலும், நல்ல காரியத்துக்காக உடைத்தாலும் உண்டியல் உடைந்தது உடைந்ததுதானே!

கொஞ்சம் இளைப்பாற ஒரு நம்பர் பிளேட் கதை. கேக், பை, ஐஸ்கிரீம் என்று இனிப்புகளாக வரைந்து புகழ்பெற்ற வேய்ன் தீபோ, 1990-களில் கலிஃபோர்னியாவுக்காக ஒரு கார் நம்பர் பிளேட் வரைந்து கொடுத்தார். பனைகள், கடல், அந்திச் சூரியன். கூடுதல் கட்டணம் கட்டி அதை வாங்கினால் அந்தக் காசு மாநிலக் கலைக் குழுவுக்கு. 2003 பட்ஜெட் நெருக்கடியில் அந்தக் கலைக் குழுவுக்கு அரசு கொடுப்பதைப் பத்து லட்சம் டாலருக்குச் சுருக்கிவிட்டார்கள். ஹாலிவுட் இருக்கும் மாநிலம், தலைக்கு இவ்வளவு என்ற கணக்கில் நாட்டிலேயே கடைசி இடத்துக்குப் போனது! அந்தப் பஞ்ச காலத்தில் குழுவுக்கு அரசைவிட அதிகமாகப் படியளந்தது நம்பர் பிளேட்தான். டென்னசி, டெக்சாஸ் மாநிலங்களிலும் இதே வியாபாரம் உண்டு. மாசசூசெட்ஸ் 1980-களில் கலைக்கென்றே லாட்டரி நடத்தியது. அந்தப் பணத்தைப் பிரிக்க ஊர்தோறும் அமைத்த கலைக் குழுக்கள் இன்றும் இருக்கின்றன. லாட்டரிச் சீட்டைக் கிழித்துப் பார்த்து ஏமாந்தவர், கொஞ்சம் தள்ளியிருக்கும் பூங்காவில் அதே காசில் வயலின் கச்சேரி கேட்டிருக்கலாம்.

அரசே வேண்டாம், தனியார் கொடையே போதும் என்று ஒரு மாநிலம் முயன்றது தெரியுமா? இப்போது நிஜக் கான்சாஸுக்கு வருவோம். 2011-ல் ஆளுநர் சாம் பிரவுன்பேக், அரசுக் கலை ஆணையத்தை மூடிவிட்டு, கொடையாளர்களின் பணத்தில் இயங்கும் தனியார் அறக்கட்டளை அந்த வேலையைப் பார்க்கட்டும் என்றார். மாநில மேலவை அவர் ஆணையை நிராகரித்தது. பட்ஜெட்டில் ஆணையத்துக்கு 6,89,000 டாலரையும் ஒதுக்கினார்கள். ஆளுநர் அந்த ஒரு வரியை மட்டும் அடித்துவிட்டார். இம்முறை அதைத் தாண்டப் போதுமான வாக்கு கிடைக்கவில்லை. மாநிலக் கலை அமைப்புக்குப் பணமே இல்லாத முதல் மாநிலமாகிவிட்டது கான்சாஸ்!

அப்போதுதான் அந்த ஈட்டுப் பங்கு நிபந்தனை பல்லைக் காட்டியது. மாநிலம் காசு போடாவிட்டால் தேசிய அமைப்பும் கொடுக்காது. தேசிய அமைப்பிடமிருந்தும் வட்டார அமைப்பிடமிருந்தும் வந்துகொண்டிருந்த பணம் நின்றது. மிச்சம் பிடித்ததைவிட இழந்தது அதிகம். மறு ஆண்டே வேறு பெயரில், வணிகத் துறையின் நிழலில், ஒரு புதிய ஆணையத்தை அமைக்க வேண்டியதாயிற்று. தனியார் கொடையை நான் குறை சொல்லவில்லை. ஆனால் அரசின் பணம் தனியார் பணத்தை இழுக்கும். தனியார் பணம் வந்தது என்று அரசு விலகிக்கொண்டால் இரண்டும் போகும் என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி எனக்குத் தெரியவில்லை.

அந்த இழுவையையே இயந்திரமாக்கிய மாநிலம் நெப்ராஸ்கா. அமெரிக்காவில் ஒரே ஓர் அவை கொண்ட மாநிலச் சட்டமன்றம் அங்கே மட்டும்தான் என்பது உபரி வியப்பு. 1998-ல் அரசு 50 லட்சம் டாலரைக் கலை, மனிதப் பண்பியல் துறைகளுக்கான வைப்பு நிதியாக வைத்தது. ஆனால் அதன் வட்டியைச் சும்மா எடுத்துவிட முடியாது. தனியாரிடமிருந்து ஈடான பணம் திரட்டிக் காட்டினால்தான் அரசு வட்டி வெளியே வரும். திரட்டுவதற்கென்றே அரசுக்கு வெளியே ஒரு தனி அமைப்பு. கொடுப்பவருக்கும் குஷி: தன் டாலர் இன்னொரு டாலரைக் கதவு திறந்து வெளியே அழைத்து வருகிறதே!

ஓரிகன் மாநிலத்தாரோ இன்னும் கெட்டிக்காரர்கள். 2001-ல் வந்த ஏற்பாடு இது. நீங்கள் ஓரிகன்வாசி. உங்கள் ஊர் நாடகக் குழுவுக்கு 500 டாலர் கொடுக்கிறீர்கள். அப்புறம் மாநிலக் கலாசார நிதியத்துக்கு இன்னொரு 500. ஆண்டு முடிவில் மாநில வருமான வரியில் அந்த இரண்டாவது 500-ஐ முழுதாகக் கழித்துக்கொள்ளலாம். வருமானத்திலிருந்து கழிவு இல்லை ஐயா, கட்ட வேண்டிய வரியிலிருந்தே! சேர்ந்து கணக்குக் காட்டும் தம்பதிக்கு 1,000 டாலர் வரை, கம்பெனிகளுக்கு 2,500 வரை. அதாவது, அரசுக்குப் போகும் காசு எங்கே போக வேண்டும் என்று குடிமகனே விரல் நீட்டிக் காட்டுகிறான். அந்தப் பணத்தில் ஒரு பகுதி நிரந்தர முதலாகச் சேர்கிறது. மீதி அந்தந்த ஆண்டே 36 மாவட்டங்களுக்கும் ஒன்பது பூர்வகுடிக் குலங்களுக்கும் மாநில அமைப்புகளுக்கும் போகிறது. நல்ல ஏற்பாடுதான். வரிச்சலுகை என்பதும் சட்டமன்றம் அவ்வப்போது நீட்டித்தால்தான் நீளும் என்பதை மட்டும் ஓரிகன்காரர்கள் மறப்பதில்லை.

பூட்டு என்றால் இப்படி இருக்க வேண்டும் என்று நான் வாய்பிளந்தது நியூஜெர்சியில். 2003 தொடக்கத்தில் ஆளுநர் ஜிம் மெக்கிரீவி, நிதி நெருக்கடியைக் காட்டிக் கலைக் குழுவின் மானியத்தை அடியோடு நீக்கப் பார்த்தார். கலைஞர்கள் கொதித்தெழுந்தார்கள். பேரம் பேசி ஒரு தீர்வு வந்தது: ஹோட்டல் அறைகளுக்குப் புதுக் கட்டணம், முதலில் 7 சதவீதம், அடுத்த ஆண்டிலிருந்து 5. அதிலிருந்து கலைக்கும் வரலாற்றுக்கும் சுற்றுலாவுக்கும் குறைந்தபட்சம் இவ்வளவு என்று சட்டத்திலேயே தொகை. கலைக் குழுவின் திட்டங்களுக்கு ஆண்டுக்கு 1.6 கோடி டாலர். இதுவரை சாதாரணம். அடுத்த வரியில்தான் விஷம் வைத்தார்கள்! அந்தக் குறைந்தபட்சத்தை அரசு ஒதுக்காவிட்டால், அரசால் அந்த ஹோட்டல் கட்டணத்தையே வசூலிக்க முடியாது. கலையின் சில கோடிகளில் கை வைத்தால், கஜானாவுக்கு வரும் பல கோடிகளும் போய்விடும்! மொன்டானாவில் உண்டியல் உடைந்தால் இழப்பு கலைக்கு. இங்கே பூட்டை உடைப்பவன் கைதான் முதலில் நசுங்கும். கலை ஆர்வலர்கள் எழுதிய சட்ட வரிகளில் இதைவிடக் கூர்மையான ஒன்றை நான் பார்த்ததில்லை.

கடைசியாக மினசோட்டா. வாத்து வேட்டைக்காரர்களும் பாலே நடனக்காரர்களும் ஒரே சீட்டில் ஓட்டுப் போட்ட கதை!

2008 நவம்பர் 4. ஒபாமா ஜெயித்த அதே நாள். நாடே பொருளாதாரச் சரிவில் நடுங்கிக்கொண்டிருக்கும்போது, உங்கள் விற்பனை வரியை ஒரு சதவீதத்தில் எட்டில் மூன்று பங்கு கூட்டலாமா என்று மினசோட்டா மக்களிடம் கேட்டார்கள். கேட்டதோடு இல்லை, அரசியல் சாசனத்திலேயே எழுதலாமா என்றார்கள். வரும் பணத்தில் சுத்தமான தண்ணீருக்கு 33 சதவீதம், காடுகளுக்கும் வேட்டை, மீன்பிடி நிலங்களுக்கும் 33, பூங்காக்களுக்கு 14.25, கலைக்கும் பண்பாட்டு மரபுக்கும் 19.75. அந்தக் கால் சதவீதக் கணக்கைப் பார்த்தாலே எத்தனை ராத்திரி உட்கார்ந்து பேரம் பேசியிருப்பார்கள் என்று தெரிகிறதல்லவா? அந்த மாநிலத்தில் சாசனத் திருத்தத்துக்கு இன்னொரு கெடுபிடியும் உண்டு. வாக்குச் சாவடிக்கு வந்தவர் அந்தக் கேள்வியை நிரப்பாமல் விட்டுவிட்டால் அது எதிர் ஓட்டாகக் கணக்காகும்! அப்படியும் சுமார் 56 சதவீதம் பேர் ஆமாம் என்றார்கள்.

இது வைப்பு நிதி அல்ல. முதலும் இல்லை, வட்டியும் இல்லை. கடையில் சட்டை வாங்கும் ஒவ்வொருவரும் ஒரு துளி போடுகிறார், அவ்வளவுதான். (அதுகூட அங்கே துணிமணிக்கு விற்பனை வரி கிடையாது, ஆகவே சட்டை வேண்டாம், சைக்கிள் என்று வைத்துக்கொள்ளுங்கள்.) ஆனால் நாம் பார்த்த எந்தக் கலை வைப்பு நிதிக்கும் கிடைக்காத காவல் இதற்கு இருக்கிறது. ஆளுநரின் பேனா சாசனத்தில் எழுதிய பங்கை மாற்ற முடியாது. இந்தப் பணம் வருகிறதே என்று வழக்கமாகக் கொடுத்துவந்ததை நிறுத்திக்கொள்ளவும் கூடாது, இது கூடுதலாகத்தான் இருக்க வேண்டும் என்றும் எழுதியிருக்கிறார்கள். வழக்கமாக என்றால் எவ்வளவு என்று எழுதவில்லை. வக்கீல்களுக்கும் பிழைப்பு வேண்டுமே! தலைக்கு இவ்வளவு என்ற கணக்கில் மினசோட்டா மாநிலங்களின் முன்வரிசைக்கு வந்ததற்கு இந்த வரிதான் காரணம்.

எத்தனை காலத்துக்கு? 25 ஆண்டுகள். 2009 ஜூலை 1-ல் தொடங்கிய அந்த வரி 2034 ஜூன் 30-ல் முடிகிறது. நீட்டிக்க வேண்டுமானால் திரும்பவும் மக்களிடம்தான் போக வேண்டும், நிரப்பாத சீட்டு எதிர் ஓட்டு என்ற அதே கெடுபிடியோடு. வேட்டைக்காரர்கள் இன்னொரு முறையும் நடனக்காரர்களோடு கைகோக்கச் சம்மதிப்பார்களா, இல்லை தங்கள் பங்கோடு தனிச் சீட்டு கேட்பார்களா?